ஸ்டீம்: டொலர் கடையும் மலைநாட்டு ஆட்டக்காரரும்

ஸ்டீம், அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் நடத்தும் கணினி விளையாட்டுக் கடை. பெட்டியும் வட்டும் இல்லாமல் இணையம் வழியே கேம் விற்பது அதன் தொழில். மைக்ரோசொஃப்டிலிருந்து விலகிய கேப் நியூவெலும் மைக் ஹாரிங்டனும் 1996 இல் வால்வைத் தொடங்கினர். 1998 இல் வந்த ஹாஃப்-லைஃப் அதன் முதல் வெளியீடு.

2003 செப்டெம்பர் 12 அன்று ஸ்டீம் வெளிவந்தபோது அதைக் கடை என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வால்வின் சொந்த கேம்களுக்குப் புதுப்பிப்பு இறக்கித் தரும் மென்பொருளாகவே அது இருந்தது. 2004 இல் இணையத்தில் ஆடுவதற்கான தன் பழைய வலையமைப்பை மூடி, தன் கேமான கவுண்டர்-ஸ்ட்ரைக்கை ஆடியவர்களை எல்லாம் நிறுவனம் ஸ்டீமுக்குள் இழுத்தது. அவ்வாண்டு நவம்பரில் ஹாஃப்-லைஃப் 2 வந்தது. காசு கொடுத்துப் பெட்டி வாங்கியவரும் இணையத்தில் பதிந்த பிறகே ஆட முடிந்ததால் ரசிகர்கள் கொதித்தார்கள். 2005 முதல் பிற நிறுவனங்களின் கேம்களும் விற்பனைக்கு வந்தன.

இலங்கையில் அந்தக் கொதிப்பு அவ்வளவாகத் தெரியவில்லை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஏட்டில் இருந்தது, கொப்பி சீடீ கடையில் இருந்தது. மலையகத் தேயிலைத் தோட்டப் பகுதிகளான ஹட்டன், நுவரெலியா நெட் கஃபேக்களில் ஸ்டீம் கேட்காமலே ஓடும் கவுண்டர்-ஸ்ட்ரைக் பிரதி போதுமானதாக இருந்தது. வீட்டில் கணினி இருப்பது நாட்டிலேயே தோட்டத்துறையில்தான் குறைவு.

களவுப் பிரதி பெருகுவதற்கு விலையைவிடச் சேவையின் குறையே காரணம் என்று நியூவெல் 2011 இல் வாதிட்டார். மலையகத்திலிருந்து பார்த்தால் அது பாதிதான் சரி. 2021 இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அப்போது டொலர் ஏறத்தாழ 200 ரூபாய். 60 டொலர் கேம் ஒன்றுக்குக் கொழுந்து பறிப்பவரின் 12 நாள் சம்பளம் வேண்டியிருந்தது. 2022 நெருக்கடியில் டொலர் 360 ரூபாயைத் தொட்டபோது அதே கேமுக்கு 21 நாளுக்கு மேல் வேலை செய்ய வேண்டியதாயிற்று. கடையின் விலைச்சீட்டில் ஒரு சதமும் மாறியிருக்கவில்லை. இந்தியருக்கு 2015 முதல் ரூபாயில் விலை, இலங்கையருக்கு டொலர்தான். தெற்காசியாவுக்கெனத் தனி டொலர் விலை வைக்க வழி உண்டு என்றாலும் அதைக் குறைப்பது வெளியீட்டாளரின் விருப்பம்.

சேவைப் பக்கமும் லேசாக இருக்கவில்லை. இலங்கை இணையப் பொதிகள் நெடுங்காலம் பகல் டேட்டா, இரவு டேட்டா என்று பிரித்தே விற்கப்பட்டன. 50 ஜிகாபைட் கேம் இறக்குபவர் நள்ளிரவுக்குக் காத்திருந்தார். வரம்பற்ற பொதி கேட்டு வாடிக்கையாளர்கள் இணையத்தில் குரல் எழுப்பிய பின்னரே 2021 இல் நிலைமை மாறத் தொடங்கியது. ரீலோட் போட்டுக் கைத்தொலைபேசியில் ஆடும் பிள்ளைகளுக்கு அதனாலும் பெரிய பலன் இல்லை.

உலக அளவில் ஸ்டீமின் வரலாற்றில் பாதி, ரசிகர்களோடு அது போட்ட சண்டைதான். முதல் பாகம் வந்து ஒரே வருடத்தில் வால்வின் லெஃப்ட் 4 டெட் 2 கேம் அறிவிக்கப்பட்டதை எதிர்த்து, 2009 இல் ரசிகர்கள் ஸ்டீமிலேயே புறக்கணிப்புக் குழு அமைத்தார்கள். அதன் தலைவர்கள் இருவரை வால்வ் தன் அலுவலகத்துக்கே அழைத்தது. 2015 ஏப்ரலில், ஸ்கைரிம் கேமுக்கு ரசிகர்கள் செய்த மாற்றங்களை விற்கும் திட்டம் வந்தது. செய்தவருக்குக் கிடைத்தது 25 சதவீதம். எதிர்ப்பு தாங்காமல் சில நாட்களில் திட்டம் கைவிடப்பட்டது. அந்த ஜூனில், வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பும் என்ற விதி வந்தது. அதற்கு முந்தைய ஆண்டே ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணைக்குழு இவ்விடயத்தில் வால்வ் மீது வழக்குப் போட்டிருந்தது. பின்னர் 30 இலட்சம் ஆஸ்திரேலிய டொலர் அபராதம் விதிக்கப்பட்டது.

2017 முதல் ஒரு கேமுக்கு 100 டொலர் கட்டி யாரும் விற்கலாம். விற்பனை 1,000 டொலரைக் கடந்தால் அந்தக் கட்டணம் திரும்பும். கடையின் வழக்கமான பங்கு 30 சதவீதம். 2018 இல் எபிக் நிறுவனம் 12 சதவீதத்தோடு போட்டிக் கடை திறந்தது.

ஸ்டீமில் தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதையும் உண்டு. டொரண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலை 31 அன்று வெளியிட்ட வெண்பா, கனடாவுக்குக் குடிபெயர்ந்த தாயின் சமையலறையில் நடக்கிறது. இட்டலியும் புட்டும் அவிப்பதே ஆட்டம். 2024 இல் அது அறிமுக ஆக்கத்துக்கான பாஃப்டா விருதைப் பெற்றது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் இதுபோன்ற சிறு கேம்களுக்கு, பணம் திரும்பும் அந்த 2 மணி நேர விதியே பாதகம்: முழுக்க ஆடிவிட்டும் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.