புகையும் பொதுமக்கள் அறிவும்

உண்மையைக் கண்டறிதல் வேறு. அதனை உலகறியச் செய்தல் வேறு. புகைபிடித்தலின் தீங்கைப் பிரித்தானிய மக்கள் அறிந்துகொண்ட வரலாறு இவ்வேறுபாட்டை இனிது விளக்கும்.

இரண்டாம் உலகப் போரின் பின் அந்நாட்டிற் சுவாசப்பைப் புற்றுநோய் விரைந்து பெருகிற்று. மோட்டார் வண்டிப் புகையோ, வீதிக்கிடும் தாரோ காரணமாகலாமெனப் பலர் ஐயுற்றனர். றிச்சட் டோல், பிரட்போட் ஹில் என்னும் அறிஞரிருவர் அந்நோயுற்றோர் 709 பேரையும் அந்நோயில்லாப் பிற நோயாளர் 709 பேரையும் வினாவி ஒப்புநோக்கினர். புகைபிடித்தல் அந்நோய்க்கு முக்கியமானதொரு காரணி என்னும் அவர்தம் முடிவு 1950 செப்டெம்பரில் மருத்துவ இதழொன்றில் வெளியாயிற்று. ஆயினும், மருத்துவர் பயிலும் இதழைப் பொதுமக்கள் பயிலார்.

1954 பெப்ரவரியிற் சுகாதார அமைச்சர் இயன் மக்ளியொட் இத்தொடர்பைப் பத்திரிகையாளர்க்கு அறிவித்தார்; அவ்வேளையில் அவரே சிகரெட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். கேட்டோர் சொல்லை நம்புவரோ, செயலை நம்புவரோ? புகையிலை வரியாற் பெருவருவாய் பெற்ற அரசும் உரத்துப் பேசத் தயங்கிற்று. அதற்கு முந்திய மாதத்திலேயே அமெரிக்கப் புகையிலைக் கம்பனிகள் நானூற்றுக்கு மேற்பட்ட பத்திரிகைகளில் விளம்பரமிட்டுத் தீங்கு ஐயத்திற்குரியதென்று கூறின. உண்மை மெல்ல நடந்தது, ஐயமோ விரைந்தோடிற்று.

1518 இல் நிறுவப்பெற்ற இலண்டன் அரச மருத்துவர் கல்லூரி, பொதுமக்களுக்கு அறிவுரை கூறுதல் தன் கடமையன்றெனக் கருதி முதலில் ஒதுங்கியிருந்தது. 1957 இல் தலைவரான றொபேட் பிளாற் அக்கருத்தை மாற்றினார். அதன் பயனாக 1962 மார்ச்சில் வெளிவந்த ‘புகைபிடித்தலும் சுகநலமும்’ என்னும் அறிக்கை பொதுமக்களும் விளங்கிக்கொள்ளும் எளிய நடையில் அமைந்திருந்தது. கல்லூரி பத்திரிகையாளரை அழைத்து அதனை விளக்கியது. நோயைக் கூறியதோடமையாது, விளம்பரத்தைக் கட்டுப்படுத்துக, வரியை உயர்த்துக, பொதுவிடங்களிற் புகைத்தலைக் குறைக்க என வழியுங் கூறிற்று. பிரதிகள் பல்லாயிரம் விலைப்பட்டன.

1964 சனவரி 11 ஆம் நாள் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி லூதர் ரெறி தம் அறிக்கையை வெளியிட்டார். அன்று சனிக்கிழமை. பங்குச் சந்தை கலங்காதிருத்தலும், ஞாயிறுப் பத்திரிகைகளிற் செய்தி விரிவாக வருதலும் கருதியே அந்நாள் தேர்ந்தெடுக்கப்பட்டது. செய்தியின் உண்மையோடு அதனைச் சொல்லுங் காலமும் இடமும் ஆராயப்பட்டமை ஈண்டு நோக்கத்தக்கது.

பிரித்தானியாவில் 1965 இல் தொலைக்காட்சியிற் சிகரெட்டு விளம்பரம் தடைசெய்யப்பட்டது. 1971 இற் பெட்டிகளில் எச்சரிக்கை பொறிக்கப்பட்டது. ஆய்விதழில் வெளியான உண்மை புகைப்போன் கையிலுள்ள பெட்டியை வந்தடைய இருபத்தோராண்டு சென்றது. அவ்விடைக்காலத்தில் அறியாது மடிந்தோர் பலர். கற்றோர் தாம் கண்டதை மக்கள் மொழியில் மக்களிடஞ் சேர்ப்பித்தலும் கல்வியின் கடனே என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.