மாடம்பாக்கம் மொட்டை மாடியில் ஒரு மெக்சிகோ பார்ட்டி

இந்த எபிசோட் ஒரு அட்டைப்பெட்டியில இருந்து ஆரம்பிக்குது.

போன மே மாசம், அக்னி நட்சத்திரம் தொடங்கின வாரம். மாடம்பாக்கத்துல எங்க வீட்டு வாசல்ல ஒரு டெலிவரி பாக்ஸ் வந்து இறங்குச்சு. உள்ள பன்னிரண்டு பிளாஸ்டிக் கள்ளிச்செடி, ஆறு பெரிய வைக்கோல் தொப்பி, ஒட்டுற மீசை ஒரு அட்டை, கலர் பேப்பர் தோரணம், ஜிகினா வெச்ச சிவப்புப் பாவாடை ஒண்ணு. ஆபீஸ்ல ஒரு பெரிய ரிலீஸ் முடிஞ்சிருந்தது. அதைக் கொண்டாட எங்க வீட்டு மொட்டை மாடியில மெக்சிகோ தீம் பார்ட்டி. மே 5, 'சிங்கோ தே மாயோ'. ஐடியா என்னோடதுதான்.

அம்மா ஒரு பிளாஸ்டிக் கள்ளியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. "சப்பாத்திக்கள்ளியைப் போய் காசு குடுத்து வாங்கியிருக்கியேடா. எங்க ஊர்ல வேலியோரம் சும்மா கிடக்கும்" அப்படின்னாங்க.

அன்னைக்கு ராத்திரி வீடியோ கால்ல எங்க டீம்ல இருக்கிற ஒருத்தங்ககிட்ட இதையெல்லாம் பெருமையா காட்டினேன். அவங்க மெக்சிகோல புவெப்லாங்கிற ஊர்க்காரங்க. சிரிச்சாங்க. மே 5 மெக்சிகோவோட சுதந்திர தினம் கிடையாது, அது செப்டம்பர் 16. மே 5, 1862-ல அவங்க ஊர்ல பிரெஞ்சுப் படையை மெக்சிகோ படை தோக்கடிச்ச நாள். மெக்சிகோவை விட அமெரிக்காவுலதான் அதைப் பெருசா கொண்டாடுறாங்க. அப்புறம் அந்தப் பாவாடையைப் பாத்துட்டு சொன்னாங்க: "அதுக்குப் பேரு சீனா போப்லானா. அந்தப் பேருக்குப் பின்னாடி இருக்கிற பொண்ணு உங்க நாட்டுப் பொண்ணு. எங்க ஊர் சர்ச்ல புதைச்சிருக்காங்க. உனக்குத் தெரியாதா?"

தெரியாது. இந்த எபிசோட் அதுக்கப்புறம் நான் தேடிப் படிச்ச கதை.

போன பொண்ணு

அவ பேரு மிர்ரா. 1600-கள்ல முதல் பத்து வருஷத்துக்குள்ள, முகலாய நாட்டுல பிறந்தவன்னு அவளைப் பத்தி எழுதினவங்க சொல்றாங்க. சின்னப் பொண்ணா இருக்கும்போதே போர்ச்சுகீசிய கடற்கொள்ளைக்காரங்க தூக்கிட்டுப் போயிட்டாங்க. கொச்சியில ஞானஸ்நானம் குடுத்து 'கத்தரீனா தெ சான் ஹுவான்'னு பேரை மாத்தினாங்க. அங்கிருந்து மணிலாவுக்குக் கொண்டுபோய் வித்தாங்க. மணிலாவுல இருந்து பசிபிக் கடலைத் தாண்டி, மெக்சிகோவோட அகபுல்கோ துறைமுகம். அங்கிருந்து புவெப்லா. 1620 வாக்குல புவெப்லாவுல ஒரு வியாபாரி வீட்டுக்கு அடிமையா வந்து சேர்ந்தா.

மணிலாவுக்கும் அகபுல்கோவுக்கும் நடுவுல ஸ்பெயின்காரங்க 1565-ல இருந்து 1815 வரைக்கும், ரெண்டரை நூற்றாண்டு கப்பல் ஓட்டினாங்க. மணிலாவுல ஏறினா அகபுல்கோ போய்ச் சேர நாலுல இருந்து ஆறு மாசம் ஆகும். பட்டு, பீங்கான், மசாலா, கூடவே மனுஷங்க. மலபார், வங்காளம், நம்ம சோழமண்டலக் கரை, இங்கெல்லாம் இருந்து பிடிச்சவங்களும் அதுல இருந்தாங்க. மெக்சிகோல இறங்கினதும் எல்லாருக்கும் ஒரே பேரு: 'சினோ', அதாவது சீனாக்காரன். தமிழா, வங்காளியா, பிலிப்பைன்ஸா, ஜப்பானான்னு யாரும் பிரிச்சுப் பாக்கல. இவங்களை அடிமையா வெச்சிருக்கக் கூடாதுன்னு ஸ்பெயின் அரசு 1672-லதான் உத்தரவு போட்டுது.

மிர்ரா புவெப்லாவுலயே வயசாகி, 1688 ஜனவரியில இறந்துபோனா. அதுக்குள்ள ஊர் மக்கள் அவளை ஒரு புனிதவதியா பார்க்க ஆரம்பிச்சிருந்தாங்க. அலோன்சோ ராமோஸ்ங்கிற ஏசுசபைப் பாதிரியார் அவளைப் பத்தி மூணு பாகத்துல ஒரு பெரிய புத்தகம் எழுதினார். அவ படத்தை வெச்சு வணங்கக் கூடாதுன்னு திருச்சபை விசாரணை மன்றம் தடை போட்டுது. அப்புறம் அந்தப் புத்தகத்துக்கும் தடை. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால அவளைப் பத்தி நமக்குக் கிடைக்கிறது எல்லாமே பாதிரியார்கள் எழுதினது. அவ கையால எழுதின ஒரு வரிகூடக் கிடையாது.

இப்ப அந்தப் பாவாடைக்கு வருவோம். அவ இறந்து நூறு வருஷத்துக்கும் மேல கழிச்சு, 1800-கள்ல மெக்சிகோ பொண்ணுங்க போட்ட ஒரு அழகான உடை, ஜிகினா வெச்ச பாவாடை, வேலைப்பாடு போட்ட சட்டை, அது 'சீனா போப்லானா'ன்னு பிரபலமாச்சு. அதை இவளோட பேரோட பின்னாடி வந்தவங்க முடிச்சுப் போட்டாங்க. நிஜத்துல அவ எளிமையான துணிதான் கட்டினா. ஆக, அவ உடுத்தாத உடைக்கு அவளோடதும் இல்லாத ஒரு பேரு. நான் அதை ஆன்லைன்ல ஆர்டர் பண்ணி மாடம்பாக்கத்துக்கு வரவெச்சிருந்தேன்.

வந்த வெள்ளி

அதே மணிலா கப்பல்ல இருந்து இன்னொரு கயிறு நம்ம பக்கம் நீளுது.

நம்ம ஊர்ல இருந்து மணிலாவுக்குப் போனது முக்கியமா பருத்தித் துணி. அதுல ஒரு பங்கு அகபுல்கோ வரைக்கும் போச்சு. பதிலுக்கு வந்தது மெக்சிகோ சுரங்கங்கள்ல எடுத்த வெள்ளி. மணிலாவுல ஆங்கிலேயர்கள் நேரா வியாபாரம் பண்ண ஸ்பெயின் விடல. அதனால சென்னையில இருந்த அர்மீனிய வியாபாரிகள் முன்னாடி நின்னாங்க. அவங்கள்ல பெரிய ஆள் கோஜா பெட்ரஸ் உஸ்கான். மணிலா வியாபாரத்துல சம்பாதிச்சு, சென்னையில வந்து குடியேறினவர். 1726-ல சைதாப்பேட்டையில அடையாறுக்கு மேல சொந்தச் செலவுல ஒரு பாலம் கட்டினார். மர்மலாங் பாலம். அது இருந்த இடத்துலதான் இன்னைக்கு மறைமலை அடிகள் பாலம் இருக்கு. தாம்பரத்துல இருந்து கிண்டி தாண்டி சிட்டிக்குள்ள போற நம்ம எல்லாரும் அதுல டிராஃபிக்ல நின்னிருப்போம். அந்தப் பழைய பாலம் மெக்சிகோ வெள்ளியில நின்னுச்சுன்னு சொன்னா மிகையில்ல.

அந்தப் பாலத்துக்குப் பக்கத்துலதான் நம்ம கள்ளிச்செடி கதையும் இருக்கு.

சைதாப்பேட்டையில ஒரு கள்ளித் தோட்டம்

மெக்சிகோவுல வெள்ளிக்கு அடுத்தபடியா ஸ்பெயினுக்குக் காசு கொட்டினது ஒரு பூச்சி. காச்சினீல். சப்பாத்திக்கள்ளி மேல ஒட்டி வாழுற சின்னப் பூச்சி. அதைக் காயவெச்சுப் பொடிச்சா அபாரமான சிவப்புச் சாயம். ஒரு பவுண்டு சாயத்துக்குச் சுமார் 70,000 பூச்சி வேணும். ஆங்கிலேயப் படை அதிகாரிகளோட சிவப்புக் கோட்டுக்கு அதுதான் சாயம். இன்னைக்கும் சில ஐஸ்கிரீம், லிப்ஸ்டிக்ல இருக்கு. லேபிள்ல ஈ120-ன்னு போட்டிருந்தா அதுதான்.

ஸ்பெயின் இந்த ரகசியத்தைப் பொத்திப் பொத்தி வெச்சிருந்தது. 1780-கள்ல சென்னையில தலைமை மருத்துவரா இருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். 1786-ல சென்னைப் பக்கத்துல புல்லுல ஒரு பூச்சியைப் பாத்துட்டு, இது காச்சினீல் மாதிரியே இருக்கேன்னு லண்டன்ல இருந்த ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதம் எழுதினார். அந்தப் பூச்சி வேலைக்கு ஆகல. ஆனா ஆசை விடல. நிஜப் பூச்சி வரும்போது அதுக்குச் சாப்பாடு ரெடியா இருக்கணும்னு சைதாப்பேட்டையில மர்மலாங் பாலத்துப் பக்கம் ஒரு கள்ளித் தோட்டம் போட்டாங்க. 'நோபால்' தோட்டம். கள்ளிக்கு மெக்சிகோவோட நவாத்துல் மொழியில இருந்து வந்த பேரு அது. ஆண்டர்சனோட உறவினர் ஆண்ட்ரூ பெர்ரி அதைப் பாத்துக்கிட்டார். கிழக்கிந்தியக் கம்பெனி, நிஜப் பூச்சியைக் கொண்டு வர்றவங்களுக்கு 2,000 பவுண்டு பரிசுன்னு அறிவிச்சது.

1795-ல ஒரு பூச்சி வந்தது. நீல்சன்ங்கிற கேப்டன் பிரேசில்ல இருந்து கல்கத்தாவுக்குக் கொண்டு வந்தார். ஆனா அது காட்டு ரகம். சாயம் சுமார்தான். உடம்பெல்லாம் சிவந்து நிக்க வேண்டிய கம்பெனியோட திட்டம் வெளுத்துப்போச்சு.

ஏன் தோத்துச்சு? எனக்கு இதுதான் முக்கியமான இடம். நல்ல சாயம் தர்ற பூச்சி காட்டுல தானா வளர்றது இல்ல. ஓவஹாகா பக்கத்துல இருந்த சப்போத்தெக், மிஷ்தெக் விவசாயிகள் தலைமுறை தலைமுறையா வளர்த்து உருவாக்கின ரகம் அது. மழையில இருந்து காப்பாத்தணும், குளிர்ல உள்ள வைக்கணும், தாய்ப்பூச்சியைச் சின்னக் கூட்டுல வெச்சு புதுக் கள்ளியில கட்டணும். வீட்டுல ஆடு மாடு வளக்கிற மாதிரி. கம்பெனிக்குச் செடி தெரிஞ்சது, பூச்சி தெரிஞ்சது. அதை வளத்த மனுஷன் கணக்குலயே வரல. நம்ம பாஷையில சொன்னா, பைனரியை மட்டும் காப்பி பண்ணிட்டு வந்தாங்க. சோர்ஸ் கோட் ஓவஹாகாவுலயே இருந்துச்சு.

கதை அதோட முடியல. அந்தக் காட்டுப் பூச்சி சாயம் தரலைன்னாலும் கள்ளியை நல்லா தின்னுச்சு. வேலிக்குன்னு வளத்த கள்ளி களையா பரவினப்போ, அதே பூச்சியை 1830-கள்ல தென்னிந்தியாவுல கள்ளியை அழிக்கப் பயன்படுத்தினாங்க. ஒரு பூச்சியை வெச்சுக் களையை அடக்கின உலகத்தோட முதல் முயற்சிகள்ல ஒண்ணு அது. அப்புறம் இன்னொரு வகைக் கள்ளி பரவி, 1926-ல இலங்கையில இருந்து வேற ஒரு காச்சினீல் பூச்சியைக் கொண்டு வந்து அதையும் அடக்கினாங்க. அம்மா சொன்ன வேலியோரக் கள்ளி, அதுல தப்பிப் பிழைச்ச மிச்சம்.

ஒரு ஞாயித்துக்கிழமை தாம்பரத்துல எலெக்ட்ரிக் டிரெயின் பிடிச்சு சைதாப்பேட்டை போனேன். பாலத்தோரமா ரெண்டு பக்கமும் நடந்து பாத்தேன். கள்ளித் தோட்டத்தைப் பத்தி ஒரு பலகைகூட என் கண்ணுல படல.

சுண்ணாம்பு

இனி சாப்பாடு. மிளகாய், தக்காளி, கொய்யா, பப்பாளி எல்லாம் அமெரிக்கக் கண்டத்துல இருந்து வந்ததுன்னு உங்களுக்குத் தெரியும், அதை வேகமா தாண்டிடுறேன். ஒண்ணே ஒண்ணு: சப்போட்டாங்கிற பேரே நவாத்துல் சொல்லுல இருந்து வந்தது. நம்ம மாலையில கட்டுற துலுக்க சாமந்தியும் மெக்சிகோ பூதான். அங்க இறந்தவங்களை வரவேற்க அதைத்தான் வாசல்ல தூவுறாங்க.

என் பிரச்சினை தோர்தீயா. கடையில மக்காச்சோள மாவு வாங்கி, சப்பாத்தி மாதிரி தேய்ச்சுப் பாத்தேன். ஒவ்வொண்ணும் ஓரத்துல வெடிச்சுது, கையில எடுத்தா உதிர்ந்துது. திரும்ப புவெப்லாவுக்கு கால். அவங்க கேட்ட முதல் கேள்வி: "சுண்ணாம்புல வேக வெச்சியா?"

மெக்சிகோவுல சோளத்தை அப்படியே அரைக்க மாட்டாங்க. சுண்ணாம்புத் தண்ணியில வேக வெச்சு, ராத்திரி பூரா ஊறப் போட்டு, கழுவி, அப்புறம் அரைப்பாங்க. 'நிக்ஸ்தமால்'னு பேரு. ஆயிரக்கணக்கான வருஷப் பழக்கம். தோல் கழண்டுடும், மாவு பிடிப்பா வரும். அதைவிட முக்கியம், சோளத்துல பூட்டிக் கிடக்கிற நியாசின் சத்து உடம்புக்குக் கிடைக்கும். ஐரோப்பா சோளத்தை எடுத்துட்டுப் போச்சு, சுண்ணாம்பை விட்டுட்டுப் போச்சு. விளைவு, சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்கு பெல்லாக்ரா நோய். தோல் வெடிச்சு, வயித்துப்போக்கு வந்து, புத்தி தடுமாறி சாவாங்க. 1735-ல ஸ்பெயின்ல கஸ்பார் கசால்ங்கிற மருத்துவர் அதைக் கவனிச்சார். அப்புறம் இத்தாலி, 1900-களோட தொடக்கத்துல அமெரிக்காவோட தென் மாநிலங்கள். சோளத்தைக் கண்டுபிடிச்ச மெக்சிகோ கிராமங்கள்ல அந்த நோய் பெருசா இல்ல.

கம்பெனி பண்ணின அதே தப்பு. பொருள் போச்சு, அதைப் பக்குவம் பண்ணத் தெரிஞ்ச ஆள் போகல.

தாம்பரம் மார்க்கெட்ல காய்ஞ்ச மக்காச்சோளம் வாங்கினேன். கிலோவுக்குப் பத்து கிராம் கணக்குல வெத்தலைச் சுண்ணாம்பு. வேக வெச்சு, ஊறப் போட்டு, நல்லா அலசி, நம்ம கிரைண்டர்லயே அரைச்சோம். அம்மா கடைசியா ஒரு தடவை அம்மியில இழைச்சாங்க. வீடியோ கால்ல அதைப் பாத்த எங்க டீம்காரங்க, "இது எங்க பாட்டியோட மெத்தாத்தே!"ன்னு கத்தினாங்க. அங்கயும் அம்மிதான், பேரு மட்டும் வேற. அந்தத் தடவை தோர்தீயா உடையல.

பார்ட்டி

பார்ட்டி நடந்தது. மொட்டை மாடியில தண்ணி தெளிச்சும் தரை சூடு அடங்கல. மீசையை யாருக்கும் ஒட்டல. தொப்பி வெயிலுக்கு ஆச்சு. தோரணம் கட்டினோம், அது அழகாத்தான் இருந்துச்சு. தீம் வெச்சுப் பார்ட்டி பண்றது தப்புன்னு நான் சொல்ல வரல. தோர்தீயா, தக்காளி சல்சா, உள்ள வைக்க பீன்ஸ், கடைசியில சப்போட்டா மில்க் ஷேக். எல்லாரும் வயிறு முட்டச் சாப்பிட்டாங்க.

சாப்பிட்டு முடிச்சு, ஒன்பதரை மணிக்குக் கொஞ்சம் காத்து வந்தப்போ, மிர்ராவோட கதையை எல்லாருக்கும் சொன்னேன். கொச்சி, மணிலா, அகபுல்கோ, புவெப்லா. எல்லாரும் கேட்டாங்க, ரெண்டு பேர் போன்ல தேடிப் பாத்தாங்க. அம்மா கடைசியில உக்காந்து தட்டுகளை அடுக்கிட்டு இருந்தாங்க. நிமிர்ந்து ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க.

"அந்தப் பொண்ணோட அம்மா தேடியிருப்பாங்கல்லடா?"

என்கிட்ட பதில் இல்ல. அந்தப் பாவாடையை யாரும் போட்டுக்கல. மடிச்சு பீரோவுல வெச்சிருக்கேன். பிளாஸ்டிக் கள்ளி பன்னிரண்டும் மாடிப்படியோரம் இருக்கு. ஊருக்குப் போனா வேலியில இருந்து ஒரு நிஜக் கள்ளியை எடுத்துட்டு வர்றதா அம்மா சொல்லியிருக்காங்க.

அடுத்த எபிசோட்ல பாப்போம்.