நீலமணிப் பூ

ஒரு பூவை இன்னதென்று அறிவதற்கு அதன்பால் அமைந்துள்ள அடையாளங்களே துணைசெய்யும். இங்கிலாந்துக் காடுகளில் இளவேனிற் காலத்தில் மலரும் நீலப் பூவொன்றோ, தன்னிடத்தில்லாத ஓர் அடையாளத்தாற் பெயர் பெற்றது.

ஆங்கிலேயர் அதனைப் 'புளூபெல்' என்பர். நீலமணி என்பது பொருள். மரங்கள் தழைத்து நிழல் மூடுமுன்னர், ஏப்பிரல், மே மாதங்களில் அது பூத்துக் காட்டுநிலத்தை நீலக் கம்பளமாக்கும். ஸ்கொத்லாந்தில் இப்பெயர் கோடையிற் பூக்கும் வேறொரு பூவுக்கு வழங்குகின்றது.

அப்பொல்லோ தேவன் எறிந்த வட்டுப் பட்டு ஹயசிந்தஸ் என்னும் இளைஞன் மாண்டான் என்பது கிரேக்கர் பழங்கதை. அவன் குருதியில் முளைத்த பூவின் இதழிலே தேவன் தன் புலம்பலை எழுத்தாகப் பொறித்தானாம். நீலமணியின் இதழில் அத்தகைய எழுத்தில்லை. ஆதலின், சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753 இல் அதனை 'எழுதப்படாத ஹயசிந்தஸ்' எனப் பொருள்படும் இலத்தீன் பெயராற் குறித்தார்.

ஆங்கில நாட்டுப்புற மக்களுக்கு அது வனதேவதைகளின் பூ. அம்மணியோசையைக் கேட்டவர் இறப்பர் என்றும், தனித்துச் சென்று பூப்பறிக்கும் குழந்தை காட்டினின்றும் மீளாது என்றும் அவர்கள் நம்பினர். அச்செடி நச்சுத்தன்மை உடையதாதலின் இவ்வச்சம் முற்றிலும் பயனற்றதன்று. எனினும் அதன் கிழங்கின் பசையால் அம்புகளில் இறகு ஒட்டினர், நூல்களைக் கட்டினர், முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில் கழுத்துப்பட்டிகளுக்குக் கஞ்சியும் இட்டனர்.

பழைய அச்சம் தேய்ந்தபின் சட்டம் காவலாயிற்று. நிலவுடைமையாளரின் அனுமதியின்றிக் காட்டுச்செடிகளை வேரோடு பிடுங்குவதை 1981 ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. காட்டு நீலமணியை விற்பதும் 1998 இல் தடைசெய்யப்பட்டது.

இன்று அப்பூவை எதிர்நோக்கும் இடர் வேறு. தோட்டங்களுக்கு அழகுக்காகக் கொணரப்பட்ட ஸ்பானிய நீலமணி, நாட்டுப் பூவுடன் கலந்து கலப்பினத்தைத் தோற்றுவிக்கின்றது. நாட்டுப் பூவின் தண்டு ஒருபுறம் வளைந்து தலைகுனியும்; இலை ஒடுங்கியது; மகரந்தப் பை வெண்மஞ்சள் நிறத்தது; நறுமணம் உண்டு. ஸ்பானியப் பூவோ நிமிர்ந்த தண்டும், அகன்ற இலையும், நீல நிற மகரந்தப் பையும் உடையது. மணமோ மிகச் சிறிது.

சட்டம் திருடனைத் தடுக்கும். கலப்பைத் தடுக்க வல்லதன்று. இவ்வேறுபாடுகளைக் கண்டறியும் கண்கள் அருகுமாயின், பழைய பூ மறைவதை அறிவாரும் இலராவர்.