டூசன்பர்க்கும் கேடிலாக்கும்: கார் யாருக்கு?

அமெரிக்க சொகுசு கார்னு சொன்னதும் பலருக்கும் நினைவுக்கு வருவது 1959 கேடிலாக்தான். பின்பக்கம் ராக்கெட் மாதிரி எழும்பி நிற்கும் இரண்டு இறக்கைகள், ஒவ்வொன்றிலும் தோட்டா வடிவத்தில் இரண்டு சிவப்பு விளக்குகள். அதற்கு முப்பது வருஷம் முன்னால் அந்த இடத்தில் இருந்தது டூசன்பர்க் மாடல் ஜே. இரண்டையும் பக்கத்தில் நிறுத்தினால் எஞ்சின், வேகம், அழகு என்று பேசிக்கொண்டே போகலாம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு கேள்வி: இந்த கார்களை யார் வாங்க முடிந்தது?

மாடல் ஜே 1928 டிசம்பரில் நியூயார்க்கில் அறிமுகமானது. 6.9 லிட்டர் எஞ்சின், 265 குதிரைத்திறன் என்றது கம்பெனி. அப்போதைய ஃபோர்டு மாடல் ஏ-வுக்கு 40தான். சேஸியின் விலை மட்டும் 8,500 டாலர். மேல்கூட்டை வேறொரு பட்டறையில் சொல்லிச் செய்துகொள்ள வேண்டும், அதற்குத் தனிக் காசு. 500 டாலருக்கு ஒரு முழு ஃபோர்டே வாங்கிவிடலாம். டூசன்பர்க்கின் புகழ்பெற்ற விளம்பரங்களில் காரே இருக்காது. மாளிகைக்குள் ஒரு பணக்காரர், கீழே அவர் ஓட்டுவது டூசன்பர்க் என்று ஒரே ஒரு வரி. அவ்வளவுதான். கேரி கூப்பர், கிளார்க் கேபிள், நம்ம ஊர் இந்தூர் மகாராஜா எல்லாம் வாங்கினார்கள்.

1929இல் பங்குச்சந்தை சரிந்தது. வாசலை இவ்வளவு குறுகலாக வைத்த கம்பெனி 1937க்கு மேல் தாங்கவில்லை. செய்த மாடல் ஜே மொத்தமே 480 சொச்சம்.

அதே மந்தத்தில் கேடிலாக்கும் தள்ளாடியது. அப்போது நடந்ததை பீட்டர் டிரக்கர் தன் நினைவுக்குறிப்பில் சொல்கிறார். கறுப்பினத்தவருக்கு கார் விற்பதில்லை என்பது கேடிலாக்கின் கொள்கை. ஆனால் சர்வீஸ் பிரிவைக் கவனித்த நிக்கோலஸ் டிரைஸ்டாட், பழுதுபார்க்க வரும் கார்களில் பலவற்றுக்குக் கறுப்பினத்தவர்தான் சொந்தக்காரர்கள் என்று கவனித்தார். குத்துச்சண்டை வீரர்கள், பாடகர்கள், டாக்டர்கள். ஒரு வெள்ளைக்காரருக்குக் காசு கொடுத்து, அவர் பெயரில் வாங்கியிருந்தார்கள். அந்தக் காசை நாமே சம்பாதிக்கலாமே என்று டிரைஸ்டாட் மேலிடத்தில் வாதாடினார். கதவு திறந்தது. திறந்தது நியாய உணர்ச்சி இல்லை, வியாபாரக் கணக்கு.

எதற்காக இத்தனை சிரமப்பட்டு ஒரு கார்? வெள்ளையர் பகுதியில் வீடு தர மாட்டார்கள், தங்கள் பகுதியில் வாங்க வீட்டுக்கடன் கிடைப்பது அரிது. கையில் பணம் இருந்தும் மதிப்பாக வாங்க முடிந்தது இது ஒன்றுதான். 1949இல் 'எபனி' பத்திரிகை இதையே தலையங்கமாக எழுதியது: கேடிலாக் வெறும் பகட்டு இல்லை, நாங்களும் சமம் என்று காட்டும் வழி.

அதனால்தான் 1959இன் இறக்கைகளை வெறும் கேலியாகப் பார்க்க எனக்கு மனசு வருவதில்லை. அவற்றால் காருக்கு ஒரு உபயோகமும் கிடையாது, உண்மைதான். அந்த ஒரு வருஷத்தில் மட்டும் 1.4 லட்சத்துக்கு மேல் கேடிலாக்குகள் வெளிவந்தன. ஆரம்ப விலை 5,000 டாலருக்குச் சற்றுக் குறைவு. உழைத்துச் சேர்த்த ஒரு டாக்டரோ கடைக்காரரோ எட்டிப்பிடிக்கக்கூடிய தூரம்.

ஆனால் அந்த டாக்டர் கறுப்பினத்தவராக இருந்தால், தெற்கு மாநிலங்களுக்குப் போகும்போது காருக்குள் 'கிரீன் புக்'கும் இருக்க வேண்டியிருந்தது. ராத்திரி தங்க எந்த விடுதியில் இடம் தருவார்கள் என்று சொல்லும் கையேடு. 1959இலும் அது அச்சாகிக்கொண்டுதான் இருந்தது.

2018இல் கேரி கூப்பரின் டூசன்பர்க் 2.2 கோடி டாலருக்கு ஏலம் போனது. அரிதான பொருளுக்கு அந்த விலை சரிதான். கேடிலாக்கை அப்படி அளக்க முடியாது. அதை வாங்கியவர்களில் பலருக்கு, தன் சொந்தப் பெயரிலேயே ரசீது கிடைத்ததுதான் பெரிய சொகுசு.