வெள்ளித் தட்டும் ஆறுதலும்

நாக் அவுட் முறையில் நடக்கும் எந்த டென்னிஸ் போட்டியிலும் முதல் சுற்று முடியும்போது பாதிப் பேர் வெளியேறிவிடுவார்கள். 32 பேர் வந்தால் 16 பேர் அவுட். பரிசுப் பணத்துக்கு ஆடுகிறவர்களுக்கு அது தொழில். ஆனால் அமெரிக்காவில் வார இறுதிகளில் நடக்கும் அமெச்சூர் போட்டிகளுக்கு நுழைவுக் கட்டணம் கட்டி, இரண்டு மணி நேரம் கார் ஓட்டி வருகிறவருக்கு, ஒரே ஆட்டத்தோடு திரும்பிப் போவதென்றால் மனம் வராது. அவருக்காக ஏற்பட்டதுதான் கன்சொலேஷன் டிரா, தோற்றவர்களுக்கான தனி அட்டவணை. தோற்றவர் ஸ்கோர் சொல்ல மேசைக்கு வரும்போதே, ‘கன்சொலேஷன் ஆடுகிறீர்களா?’ என்று கேட்டுவிடுவார்கள். பெரியவர்கள் பிரிவில் பெரும்பாலும் கட்டாயமில்லை. சரியென்றால் இரண்டாவது அட்டவணையில் பெயர் ஏறும். வேண்டாமென்றால் கிளம்பலாம்.

யார் சேரலாம் என்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. ‘முதல் சுற்றில் தோற்றவர்’ என்று விதி சொல்வதில்லை. ‘தான் ஆடிய முதல் ஆட்டத்தில் தோற்றவர்’ என்கிறது. முதல் சுற்றில் எதிராளியே இல்லாமல் ‘பை’ கிடைத்தவரும், எதிராளி வராததால் வாக் ஓவரில் முன்னேறியவரும் இரண்டாம் சுற்றில் தோற்றால், அவர்களுக்கும் இடம் உண்டு. மைதான நேரம் குறைவு என்பதால் ஆட்டத்தைச் சுருக்குவார்கள்: மூன்றாவது செட்டுக்குப் பதில் பத்துப் புள்ளி டை பிரேக்கர், அல்லது முதலில் எட்டு கேம் எடுப்பவர் வெல்லும் ஒரே செட்.

இவ்வளவு அக்கறையோடு அமைத்த ஏற்பாட்டுக்கு வாய்த்த பெயர்தான் எனக்கு உறுத்துகிறது. ‘கன்சொலேஷன்’ துக்க வீட்டிலிருந்து வந்த சொல். லத்தீனில் ‘கன்சொலாரி’ என்றால் துயருற்றவரைத் தேற்றுவது. ரோமானியர்களிடம் ‘கன்சொலாட்டியோ’ என்று ஓர் இலக்கிய வகையே இருந்தது. கி.மு. 45இல் மகள் துல்லியா இறந்தபோது சிசரோ தன்னைத் தானே தேற்றிக்கொள்ள அப்படி ஒரு நூல் எழுதினார். இன்று சில துணுக்குகளே எஞ்சியிருக்கின்றன. மகனைப் பறிகொடுத்த மார்சியாவுக்கு செனக்கா எழுதினார். பிறகு அவரே கோர்சிகா தீவுக்கு நாடு கடத்தப்பட்டபோது, அங்கிருந்து தாய்க்கு எழுதினார். பிள்ளையைப் பிரிந்த தாய்க்கு, பிரிந்த பிள்ளையே சொன்ன தேறுதல் அது. இந்தக் கனம் கொண்ட சொல்லைத்தான் 6-2, 6-1 என்று தோற்றுவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பவர் மீது ஏற்றுகிறோம்.

நடுவில் அந்தச் சொல்லுக்கு ஒரு விசித்திரமான பிழைப்பும் இருந்தது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவாட்ரில் என்ற சீட்டாட்டம் பிரபலம். அதில் தோற்றவர்கள் வென்றவர்களுக்குக் கட்டும் ஒரு தொகைக்குக் ‘கன்சொலேஷன்’ என்று பெயர். ஜெயித்தவருக்கு ஆறுதல்! 19ஆம் நூற்றாண்டுக் குதிரைப் பந்தயத்தில் சொல் நேராகிவிட்டது: அதே பந்தயக் கூட்டத்தில் வெல்லாத குதிரைகளுக்கென்று தனியாக ஓட்டும் பந்தயம் கன்சொலேஷன் ஆயிற்று. மற்ற விளையாட்டுகளில் இன்று புழங்கும் பொருள் இதுதான்.

தமிழுக்கு இது ‘ஆறுதல் பரிசு’ என்று வந்து சேர்ந்தது. பள்ளி ஆண்டு விழாவில் முதல் மூன்று இடம் கிடைக்காத பிள்ளைக்குக் கொடுக்கும் சோப்பு டப்பாவும் ஆறுதல் பரிசு. கேரள லாட்டரியில் முதல் பரிசு எண்ணையே வேறு வரிசையில் வைத்திருப்பவருக்குக் கிடைக்கும் சிறு தொகையும் ஆறுதல் பரிசு. ‘ஆறு’ என்ற வினை நல்ல வினைதான். புண் ஆறுகிறது, பசி ஆறுகிறது, களைத்தவர் இளைப்பாறுகிறார். ஆனால் ‘பரிசு’ பக்கத்தில் வந்ததும், வாங்குகிறவர் தலை கொஞ்சம் குனிந்துவிடுகிறது.

இதே ஏற்பாட்டுக்கு விம்பிள்டனில் வேறு பெயர் இருந்தது. 1896இல் தொடங்கிய ஆல் இங்கிலாந்து பிளேட், ஒற்றையர் ஆட்டத்தின் முதல் இரண்டு சுற்றுகளில் தோற்றவர்களுக்கான போட்டி. பெண்களுக்கு 1933இல் வந்தது. ‘பிளேட்’ இங்கே சாப்பாட்டுத் தட்டு அல்ல, வெள்ளிச் சாமான். ஸ்பானிய மொழியில் வெள்ளியைக் குறிக்கும் ‘பிளாட்டா’வும் இதன் உறவுதான், தென்னமெரிக்காவின் ரியோ தெ லா பிளாட்டா, வெள்ளி ஆறு. குதிரைப் பந்தயத்தில் வெள்ளிப் பாத்திரத்தைப் பரிசாக வைத்ததால் பந்தயத்துக்கே ‘பிளேட்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. நியூமார்க்கெட்டில் 1666இல் ஏற்பட்ட டவுன் பிளேட்டில் இரண்டாம் சார்லஸ் மன்னரே 1671இல் குதிரை ஏறி ஓட்டி வென்றார். மன்னர் போட்டியிட்ட பரிசின் பெயர் அது. பரிதாபத்தின் வாடை அதில் துளியும் இல்லை.

அந்தப் பெயருக்குத் தக்க ஆட்டக்காரர்கள் அதற்கு வாய்த்தார்கள். பிரான்ஸின் ஹென்றி கோஷே 1927இலும் 1929இலும் விம்பிள்டன் சாம்பியன். 1927இல் காலிறுதி, அரையிறுதி, இறுதி மூன்றிலும் முதல் இரண்டு செட்டை இழந்தபின் மீண்டு வென்றவர். 1932இல் பிரெஞ்சுப் பட்டத்தை வென்ற கையோடு விம்பிள்டன் வந்தார். இரண்டாம் சுற்றில் பிரிட்டனின் இயன் காலின்ஸிடம் தோற்றார். இரண்டு முறை சாம்பியனான ஒருவர் அன்றே படகேறிப் பாரிஸ் போயிருந்தால் யாரும் தவறாக நினைத்திருக்க மாட்டார்கள். கோஷே பிளேட்டில் பெயர் கொடுத்தார். ஆடினார். அதை வென்றும் காட்டினார். 1948இல் ஐந்தடிக்கும் குறைவான உயரமுள்ள பிலிப்பைன்ஸ் வீரர் ஃபெலிசிசிமோ அம்போன் அதே பிளேட்டை வென்றார். 1968இல் டென்னிஸ் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் திறந்துவிடப்பட்ட பிறகு, தோற்றவர்களுக்கு அடுத்த வாரம் வேறு ஊரில் வேறு போட்டி காத்திருந்தது. 1980களில் ஆண், பெண் இரு பிளேட்டுகளும் நின்றுபோயின.

நம் ஊரில் அந்தச் சொல் ரஞ்சிக் கோப்பையின் ‘பிளேட்’ பிரிவாகத் தங்கியிருக்கிறது. வெள்ளியின் பளபளப்பு போய், இரண்டாம் தரம் என்ற பொருள் மட்டும் மிஞ்சிவிட்டது. விம்பிள்டனில் பெண்கள் சாம்பியன் இன்றும் வாங்குவது வீனஸ் ரோஸ்வாட்டர் டிஷ் என்னும் வெள்ளித் தட்டு என்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் வைத்த ‘ரெப்பெஷாஜ்’ வேறு கதை. ‘பெஷே’ என்றால் மீன் பிடிப்பது. தண்ணீரில் விழுந்ததை மறுபடி தூக்கி எடுப்பது ரெப்பெஷாஜ். தேர்வில் தவறிய மாணவருக்குத் தரும் மறுதேர்வுக்கும் அங்கே இதுதான் பெயர். மல்யுத்தத்தில், இறுதிக்குப் போனவரிடம் தோற்றவர்களை மட்டும் இப்படித் தூக்குவார்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் சுஷில் குமார் முதல் சண்டையில் உக்ரைன் வீரரிடம் தோற்றார். அந்த உக்ரைன் வீரர் இறுதிக்குப் போனதால் சுஷிலுக்கு வழி திறந்தது. மூன்று சண்டை வென்று வெண்கலம் வாங்கினார். ரெப்பெஷாஜ் பதக்க மேடைக்கே திரும்பிக் கொண்டுபோகிறது. டென்னிஸ் கன்சொலேஷனில் அந்த வழி கிடையாது. அதை வென்றவர் அதற்கு மட்டுமே வென்றவர். இரண்டையும் ஒன்றாகப் பேசுவது தவறு.

ஜூனியர் போட்டிகளில் அமெரிக்கர்கள் ‘பேக் டிரா’ என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார்கள், பின்கட்டு அட்டவணை. மிச்சிகனின் கலமஸூவில் 1943 முதல் நடந்துவரும் சிறுவர் தேசியப் போட்டியில் அது ‘ஃபீட் இன்’ முறையில் ஓடுகிறது. பிரதான டிராவில் பிந்திய சுற்றுகளில் தோற்றவர்களும் கிளையாறுகள்போல வந்து கலப்பார்கள். ஆகவே பேக் டிராவில் மேலே போகப் போக, சற்று முன்வரை பட்டத்துக்கு ஆடிக்கொண்டிருந்த பையனையே சந்திக்க நேரும். அதை வெல்வது லேசான காரியமல்ல. இன்று பரவலாகிவிட்ட யூடிஆர் தரமதிப்பீடும் ஸ்கோரையும் எதிராளியின் தரத்தையும்தான் பார்க்கிறது. ஆட்டத்தின் பெயர் அதற்குத் தெரியாது.

விருப்பத்தின் பேரில் ஆடும் ஆட்டத்துக்குப் பெயர் முக்கியம் என்றே நினைக்கிறேன். கட்டாயம் என்றால் எந்தப் பெயரானாலும் ஆடித்தான் ஆக வேண்டும். தோற்ற சூட்டில், ஒரு நிமிடத்தில் முடிவு சொல்லச் சொல்லும்போது, ‘உங்களைத் தேற்ற ஒரு ஆட்டம் தரட்டுமா’ என்று காதில் விழுந்தால் தன்மானமுள்ளவர் பையைத் தூக்கத்தான் செய்வார். சரி என்று சொல்லிவிட்டு மறுநாள் காலை வராமல் இருந்துவிட்டால், எட்டு மணிக்கே வந்து காத்திருக்கும் எதிராளிக்கு அந்த ஆட்டமும் போய்விடும்.

இதைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் ‘காம்பஸ் டிரா’வை வகுத்தவர்கள். 16 பேரும் கிழக்கில் தொடங்குகிறார்கள். முதல் ஆட்டத்தில் தோற்ற எட்டுப் பேர் மேற்குக்குப் போகிறார்கள். கிழக்கின் இரண்டாம் சுற்றில் தோற்ற நால்வர் வடக்கு. மேற்கின் முதல் சுற்றில் தோற்ற நால்வர் தெற்கு. அதன்பின் வடகிழக்கு, தென்மேற்கு என்று எட்டுத் திசையும் நிரம்பும். யார் எத்தனை முறை தோற்றாலும் எல்லோருக்கும் நான்கு ஆட்டம். தென்கிழக்கில் கடைசி ஆட்டம் ஆடுபவர்கள் மூன்று முறை தோற்றவர்கள்தான், ஆனால் அட்டவணையில் அந்த இடத்துக்கு எழுதியிருப்பது ஒரு திசையின் பெயர் மட்டுமே. இதற்கு நிறைய மைதானமும் நேரமும் வேண்டும். எல்லோரும் கடைசிவரை இருக்கவும் வேண்டும். அதனால் பெரும்பாலான ஊர்களில் இன்னும் பழைய கன்சொலேஷன்தான் நடக்கிறது. மைதானத்தைக் கூட்ட முடியாத போட்டி இயக்குநர்கள் பெயரையாவது மாற்றலாம். ‘மேற்கு’ என்று எழுத ஒரு மைதானமும் கூடுதலாகத் தேவையில்லை.