வேலை போன வேட்டை நாய்கள்

ராயப்பேட்டையில் எங்கள் தெருவில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் ஒரு நாய் இருக்கிறது. ஒல்லியோ ஒல்லி. விலா எலும்பை எண்ணிவிடலாம். முதல் தடவை பார்க்கிற எல்லோரும் "சோறே போடறதில்லையா?" என்றுதான் கேட்பார்கள். நானும் கேட்டுத் தொலைத்தேன். அந்த வீட்டு அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"தம்பி, இது சிப்பிப்பாறை. ப்யூர். கோவில்பட்டி பக்கத்துலேர்ந்து குட்டியா தூக்கிட்டு வந்தேன். இது இப்படித்தான் இருக்கும்."

அந்த "ப்யூர்" என்ற வார்த்தை என்னை விடவில்லை. எது ப்யூர்? யார் முடிவு செய்தது? கொஞ்சம் தோண்டிப் பார்த்ததில் கதை ஸ்காட்லாந்து வரை போய்விட்டது. (செமஸ்டர் பரீட்சைக்கு இப்படித் தோண்டியிருந்தால் எங்கேயோ போயிருப்பேன்!)

நாய்களில் மோப்பம் பிடித்துப் போகிறவை ஒரு ரகம், கண்ணால் பார்த்துத் துரத்துகிறவை இன்னொரு ரகம். சிப்பிப்பாறை, கன்னி, கர்நாடகத்தின் முதோல், இங்கிலாந்தின் கிரேஹவுண்ட், அரபு நாட்டு சலூக்கி எல்லாம் இரண்டாவது ரகம். நீண்ட மூஞ்சி, ஆழமான நெஞ்சு, ஒட்டிய வயிறு, நீளமான கால்கள். ஓடுவதற்கென்றே செய்த உடம்பு. இந்தக் குடும்பத்தின் பெரிய உருப்படிகளில் ஒன்று ஸ்காட்லாந்தின் டீர்ஹவுண்ட். பெயரே சொல்கிறது, மான் வேட்டைக்கானது. ஆண் நாய் தோள் உயரம் 76 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது, எடை 45 கிலோவுக்கு மேல். உடம்பு முழுக்க சொரசொரப்பான முடி. மலைச்சரிவில், குளிரில், கொம்புள்ள பெரிய மானைத் துரத்தி மடக்க வேண்டும். அதுதான் வேலை.

1746ல் கலோடன் போரில் தோற்ற பிறகு ஸ்காட்லாந்து மலைநாட்டுக் குலத் தலைவர்களின் அதிகாரம் சரிந்தது. அவர்கள் வளர்த்த நாய்களும் குறைந்தன. பிறகு நல்ல துப்பாக்கிகள் வந்தன. தூரத்திலிருந்தே சுட்டுவிடலாம் என்றால் ஓடிப் பிடிக்க நாய் எதற்கு? மிச்சம் இருந்த நாய்களுக்குள்ளேயே ஜோடி சேர்த்தால் குட்டிகள் பலவீனமாகும். கிளென்கேரி என்ற குலத்தின் தலைவர் என்ன செய்தார் தெரியுமா? வெளி ரத்தத்தைக் கொண்டு வந்தார். பிரனீஸ் மலையின் பெரிய காவல் நாயை டீர்ஹவுண்டோடு சேர்த்தார். அப்படிப் பிறந்த ஒன்றை எழுத்தாளர் வால்டர் ஸ்காட்டுக்குப் பரிசாகக் கொடுத்தார். அதன் பெயர் மெய்டா. 1824ல் செத்துப்போனது. எடின்பரோவில் ஸ்காட் நினைவுச் சின்னத்தில், அவர் காலடியில் பளிங்கில் இன்றும் உட்கார்ந்திருப்பது அதுதான். ஆக, உலகத்திலேயே ரொம்பப் பிரபலமான டீர்ஹவுண்ட் ஒரு கலப்பு நாய்!

டீர்ஹவுண்ட் சங்கம் வந்தது 1886ல். அதாவது வேலை குறைந்துபோன பிறகுதான் "சுத்த ரத்தம்" என்ற கவலை பெரிதானது. அதற்கு முன்னால் வேலை செய்கிற நாய்தான் நல்ல நாய். அப்பன் யார் என்பது அதற்கு அப்புறம்தான்.

கலப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. கிரேஹவுண்டுக்கு வேகம் அதிகம். ஆனால் தோல் மெல்லிசு, முள்ளில் கிழியும். கட்டாந்தரையில் பாதம் பிய்ந்துவிடும். டீர்ஹவுண்டுக்கு உருவமும் தைரியமும் உண்டு. ஆனால் கனமான உடம்பு, சட்டென்று திரும்ப வராது. இரண்டையும் சேர்த்தால் நடுவாந்திரமாக ஒன்று கிடைக்கும். ஆஸ்திரேலியாவில் குடியேறிய வெள்ளைக்காரர்கள் அப்படி உருவாக்கியதுதான் "கங்காரு நாய்". கறிக்காகவும், ஆட்டு மந்தைக்குப் போட்டியாக மேய்கிறது என்பதற்காகவும் கங்காருவைத் துரத்த வைத்தார்கள். 1836ல் சார்லஸ் டார்வின் அங்கே போனபோது கிரேஹவுண்ட்களோடு கங்காரு வேட்டைக்கு அழைத்துப் போனார்கள். ஒரு கங்காருகூட கண்ணில் படவில்லை, பாவம்.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. பின்னாளில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போய் புகழ்பெற்ற சாமுவேல் பேக்கர், அதற்கு முன்னால் இலங்கையின் நுவரெலியாவில் சில வருடங்கள் பண்ணை வைத்திருந்தார். 1855ல் ஊர் திரும்பினார். அங்கே அவருடைய பொழுதுபோக்கு நாய்க் கூட்டத்தோடு கடமான் வேட்டை. துப்பாக்கி கிடையாது. மோப்ப நாய்கள் காட்டுக்குள் கடமானைக் கிளப்பும். அது ஓடிப்போய் ஆற்றுப் பள்ளத்தில் தண்ணீருக்குள் நின்று எதிர்க்கும். அப்போது பாய்ந்து பிடிப்பதற்கென்று தனி நாய்கள். கடைசியில் பேக்கர் கத்தியோடு இறங்குவார். அந்தக் கூட்டத்தில் அவருக்குச் செல்லமான கில்பக், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வகை கிரேஹவுண்ட். மற்றவற்றில் பலதும் கலப்புதான். ஒரு நாயால் எல்லா வேலையும் முடியாது என்பதால் வேலைக்குத் தகுந்த மாதிரி சேர்த்து வைத்திருந்தார். கொம்பு குத்தியும் சிறுத்தை அடித்தும் செத்த நாய்கள் ஏராளம். 1854ல் வந்த அவருடைய புத்தகத்தைப் படித்தால் மனுஷர் மேல் கோபம்தான் வருகிறது. ஆனாலும் நாய்களைப் பற்றி அவர் எழுதியிருப்பதில் ஒரு கூர்மை இருக்கிறது, மறுக்க முடியாது.

இந்திய சமஸ்தானங்களும் சும்மா இல்லை. ராம்பூர் நவாப் அகமது அலி கான் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆப்கானிய தாஸி நாயோடு இங்கிலீஷ் கிரேஹவுண்டைக் கலந்தார். ஒன்றின் மூர்க்கமும் மற்றொன்றின் வேகமும் வேண்டுமாம். அதுதான் ராம்பூர் ஹவுண்ட். 2005ல் இந்தியத் தபால் துறை நம் நாட்டு நாய்கள் என்று நான்கு ஸ்டாம்பு வெளியிட்டபோது ராஜபாளையம், முதோல், இமாலய ஆட்டு நாயோடு இதுவும் இடம் பிடித்தது. பாதி இங்கிலீஷ் ரத்தம் இருநூறு வருஷத்தில் சுதேசி ஆகிவிட்டது :)

சரி, நம்ம ஊருக்கு வருவோம். விருதுநகர், தூத்துக்குடி பக்கம் கரிசல் காடு. மறைவு இல்லாத பரந்த நிலம், நடுவில் முள்ளுப் புதர். முயல் கிளம்பினால் நேராக ஓடாது, சடார் சடாரென்று திரும்பும். அந்தத் திருப்பத்தில் கூடவே திரும்புகிற நாய்தான் நாய். அதற்குத்தான் ஊருக்குள் மதிப்பு, அதன் குட்டிக்குத்தான் அடிபிடி. பெடிக்ரீ புத்தகம் எதுவும் கிடையாது. கருப்பு உடம்பும் பழுப்புக் காலும் என்றால் கன்னி, மற்ற நிறம் என்றால் சிப்பிப்பாறை என்று பொதுவாகச் சொல்வார்கள். பலர் கணக்கில் இரண்டும் ஒரே நாய்தான்.

1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டை குற்றமானது. சட்டம் சரியானது, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. முயலுக்கும் உயிர்தானே. (பிரிட்டன்காரர்களுக்கு இந்த ஞானம் வர இன்னும் முப்பது வருஷம் ஆனது. நாய் வைத்து வேட்டையாடுவதை ஸ்காட்லாந்து 2002லும், இங்கிலாந்து 2004லும்தான் சட்டம் போட்டுத் தடுத்தன.) ஆனால் அந்தச் சட்டத்தோடு ஒரு நாயினத்தின் உத்தியோகமும் போனது. ஓட்டத்தை வைத்துத் தேர்ந்தெடுப்பது நின்றால், அடுத்து எதை வைத்துத் தேர்ந்தெடுப்பார்கள்? நிறத்தையும் மூக்கையும்தான். ராஜபாளையம் நாயைப் பாருங்கள். பால் வெள்ளையாக, மூக்கு ரோஸ் கலரில் இருந்தால்தான் விலை. அந்த வெள்ளைக்குக் காரணமான நிறமிக் குறைபாடே சில குட்டிகளின் காதைச் செவிடாக்கிவிடுகிறது. காது கேட்காத நாயை எந்த வேட்டைக்காரனும் வைத்துக்கொண்டிருக்க மாட்டான். ஷோவில் கோப்பை வாங்க காது கேட்டுத்தான் ஆக வேண்டும் என்றில்லை.

அரசாங்கமும் முயற்சி செய்தது. கால்நடைத் துறை 1980-81ல் சைதாப்பேட்டையில் ஒரு நாய் இனப்பெருக்க நிலையம் தொடங்கியது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை இனங்களைக் காப்பாற்றுவது நோக்கம். எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம்தான். கடைசியில் நாய்களை அங்கே வைத்திருந்த நிலை பற்றி வழக்கு வந்து, 2016ல் அதை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மணிக்கு அறுபது கிலோமீட்டர் ஓடப் பிறந்த உடம்பைக் கூண்டில் வைத்து "இனம்" காப்பாற்றினோம். எனக்கு இதில்தான் ரொம்ப வருத்தம்.

புது உத்தியோகம் கிடைக்காமல் இல்லை. 2016லேயே முதோல் நாய்களை ராணுவம் மீரட்டுக்குக் கொண்டுபோய்ப் பயிற்சி கொடுத்தது. ஆனால் வெடிகுண்டு தேடுவது மூக்கு வேலை. பார்த்து ஓடுகிற இனத்தை அதற்குப் பழக்கினால், நூறு வருஷத்தில் அதுவும் வேறு ஒரு நாயாகத்தான் மாறும்.

போன மாதம் அந்த மாடி வீட்டு அண்ணன் தன் நாய்க்கு ஜோடி தேடிக்கொண்டிருந்தார். ஊரிலிருந்து ஒரு ஆண் நாய் வருகிறதாம். விசாரித்தால் இரண்டுக்கும் அப்பா ஒன்றே. தெரிந்தவர் ஒருவரிடம் நல்ல கிரேஹவுண்ட் இருக்கிறது, அவர் கொடுக்கத் தயார். அண்ணன் ஒரேயடியாக மறுத்துவிட்டார். "கலப்பு ஆயிடும் தம்பி. அப்புறம் குட்டியை யார் வாங்குவா?"

நான் மெய்டா கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"ஸ்காட்லாந்துல மான் புடிக்கணும், கலந்தான். இங்க நான் எதைப் புடிக்கப் போறேன்?"

எனக்குப் பதில் வரவில்லை. நாய் கைப்பிடிச் சுவருக்கு மேல் தலையை நீட்டி, எதிர் வீட்டு சன்ஷேடில் ஓடிய அணிலைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது.