கழுதைச் சந்தையிலிருந்து ஒரு சாலை

புனே நகரத்தின் கிழக்கு விளிம்பிலுள்ள ஹடப்சரில் சாலை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று சோலாப்பூரை நோக்கிச் சமவெளியில் ஓடுகிறது. மற்றொன்று திவே கணவாயில் ஏறிச் சாஸ்வடைக் கடந்து, கண்டோபாவின் ஸ்தலமாகிய ஜேஜுரிக்குப் போகிறது. பௌஷ மாதத்துப் பௌர்ணமியை ஒட்டி ஜேஜுரியில் கழுதைச் சந்தை கூடும். சௌராஷ்டிரத்திலிருந்து வந்திறங்கும் கழுதைகளின் வாயைப் பிளந்து, பல்லை எண்ணி, கால்களைத் தடவி, நடக்கவிட்டுப் பார்த்து விலை முடிக்கிறவர்கள் குயவர்களும், கல்லும் மண்ணும் சுமப்பிக்கும் தொழிலாளர்களும்தாம். பணம் கை மாறிய கணத்திலிருந்து அந்தப் பிராணியை ஊர் கொண்டுபோய்ச் சேர்ப்பது வாங்கியவன் பாடு. லாரி வருவதற்கு முன்னெல்லாம் அதற்கு ஒரே வழிதான் இருந்தது: வாங்கியதை நடத்திக்கொண்டே ஊர் திரும்புவது.

அந்தக் கவைச் சாலைக்கு வடக்கே சிறிது தூரத்தில் மகர்பட்டா இருக்கிறது. அங்குள்ள கண்ணாடி மாளிகைகளில் கணிப்பொறி வேலை பார்க்கும் தமிழ் இளைஞர்கள், புனேயில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைச் சேலத்துக்கோ மதுரைக்கோ தாமே ஓட்டிக்கொண்டு வந்து சேர்வதை, இந்தக் காலத்துப் பிள்ளைகளின் வீண் மோகம் என்று பெரியவர்கள் கடிந்துகொள்ளக் கேட்டிருக்கிறேன். ஊரிலேயே கிடைக்கிற வண்டிக்காக 1,200 கிலோமீட்டர் வெயிலில் வேகவேண்டுமா என்பது அவர்கள் கேள்வி. கேள்வி நியாயமானதுதான். ஆனால் மோகம் இந்தக் காலத்ததன்று. நம்முடைய பாட்டனார்களுக்கு வேறொரு வடிவத்தில் இருந்ததே இது.

காங்கேயம் பக்கத்துக் கண்ணபுரத்தில் சித்திரையிலும், அந்தியூர்க் குருநாதசுவாமி கோயிலில் ஆடியிலும் கூடும் சந்தைகளுக்கு நாள் கணக்கில் நடந்துபோய் மாடு பிடித்து வந்தவர்கள் அவர்கள். அருகிலிருக்கும் வாரச்சந்தையில் மாடு இல்லாமல் போகவில்லை. அருகிலிருப்பவன் விற்கிற மாட்டின் குணம் ஊருக்கே தெரிந்திருக்கும். நல்ல மாடாக இருந்தால் அவன் விற்கமாட்டான், விற்கிறான் என்றால் ஏதோ இருக்கிறது என்பது பொதுவான சந்தேகம். தூரத்துச் சந்தையிலோ குணம் தெரியாது. அதனாலேயே அங்கே நல்லதும் அகப்படும், கெட்டதும் அகப்படும். சுழி பார்த்து, இரண்டு பல்லா நாலு பல்லா என்று பார்த்து, தரகன் துண்டைப் போட்டு மூடிய கைக்குள் விரலைப் பிடித்து விலை பேசி முடித்த பிறகும் ஒரு பரீட்சை பாக்கியிருந்தது. வழிநடையில் மாடு நொண்டுகிறதா, மிரளுகிறதா, தண்ணீர்த் துறையில் இறங்க மறுக்கிறதா என்பதெல்லாம் முதல் இரவுக்குள் தெரிந்துவிடும். தெரிந்தும் பயனில்லை, திரும்பிப் போனால் சந்தை கலைந்திருக்கும். தானமாக வந்த மாட்டின் பல்லைத்தான் பார்க்கக்கூடாது என்றார்களே தவிர, காசு கொடுத்து வாங்கியதன் பல்லை எத்தனை முறை பார்த்தாலும் வழிநடை சொல்லுகிற உண்மையைப் பல் சொல்லாது.

மோட்டார் சைக்கிள் இந்தச் சம்பிரதாயத்துக்குள் நுழைந்த வாசல் பட்டாளம். இரண்டாவது உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் சேனை பயன்படுத்திய பி.எஸ்.ஏ., நார்ட்டன், மேட்ச்லெஸ், ஏரியல் முதலிய வண்டிகளில் பல, யுத்தம் முடிந்ததும் உபரியாகி ஜனங்களின் கைக்கு வந்தன. பிறகு எல்லைக் காவலுக்கென்று சுதந்திர இந்தியாவின் சேனை 350 சி.சி. புல்லட்டைத் தேர்ந்தெடுத்து, 1950-களின் முற்பகுதியில் 800 வண்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. அதன் விளைவாக, புல்லட்டைச் செய்துவந்த இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்துக் கம்பெனியும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-ல் என்ஃபீல்டு இந்தியாவை ஸ்தாபித்தன. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. ரெட்டிச் ஆலை 1967-ல் மூடப்பட்டது. கம்பெனியின் எஞ்சிய உற்பத்தியும் 1970-ல் இங்கிலாந்தில் நின்றுபோயிற்று. திருவொற்றியூரோ நிற்கவில்லை. 1977-ல் அங்கிருந்து புல்லட்டுகள் இங்கிலாந்துக்கே கப்பலேறின. கடலோரத்துத் தமிழ் ஊர் ஒன்றில் பிறந்து பஞ்சாபிலும் காஷ்மீரிலும் உழைத்த பட்டாள வண்டி, ஆயுள் முடிந்ததென்று ஏலத்தில் தள்ளப்பட்டு, வாங்கியவன் கையில் பச்சை வர்ணம் போய்க் கறுப்பு வர்ணம் பெற்று, ஏதோ ஒரு ஊருக்கு ஓடிப்போகும்போது, அது பிறந்த வீட்டின் திசையில்கூடச் சில சமயம் ஓடியிருக்கும் அல்லவா?

அந்தக் காலத்தில் பழைய வாகனத்தை நாடியதற்கு ஆசையைக் காட்டிலும் பெரிய காரணம் ஒன்று உண்டு. புதியது கிடைக்காது. 1960-ல் அரசாங்கம் ஸ்கூட்டர் விநியோகத்தையும் விற்பனையையும் ஒரு கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்தது. புனேக்கு அருகில் ஆகுர்டியில் பஜாஜ் கம்பெனி செய்த ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிப் பதிந்துவிட்டு, வருஷக் கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் தேசமெங்கும் இருந்தன. மகன் காலேஜில் சேர்ந்தபோது பதிந்த ஸ்கூட்டர் அவன் கல்யாணத்துக்கு வந்து சேர்ந்தது என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. இந்த நிலைமையில் ஒரு விபரீதம் நேர்ந்தது. இரண்டு வருஷம் ஓடிய வண்டிக்குப் புது வண்டியைவிட விலை கூடுதல்! பழையது என்றால் மலிவு என்னும் உலக நியாயம் தலைகீழாகிவிட்ட சந்தையில், எந்த ஊரில் யார் விற்கிறார் என்ற தகவல் ஒன்றே பொன்னாயிற்று. மாற்றலாகிப் போகும் பட்டாள உத்தியோகஸ்தரிடமோ, வடக்கே வேலை பார்த்து ஓய்வு பெறுகிற உறவினரிடமோ தூரத்து ஊரில் வண்டி வாங்குவது அப்போது விசேஷ சாமர்த்தியமாகக் கருதப்பட்டது. 1972-ல் பஜாஜ் வெளியிட்ட ஸ்கூட்டருக்கு ராணா பிரதாப்பின் குதிரையாகிய சேதக்கின் பெயரை வைத்தார்கள். பொருத்தமான பெயர்தான், குதிரை வர்த்தகத்தின் தந்திரங்களும் கூடவே வந்து சேர்ந்தன.

1980-களில் ஜப்பானியக் கம்பெனிகளோடு கூட்டு ஏற்பட்டு, இன்ட்-சுசுகி, யமஹா ஆர்.எக்ஸ். 100, ஹீரோ ஹோண்டா, கவாஸாகி பஜாஜ் என்று வண்டிகள் வரிசையாக வரத் தொடங்கியதும் தட்டுப்பாடு தணிந்தது. தணிந்த பிறகு தூரத்துக் கிரயம் ஒழிந்திருக்கவேண்டும். ஒழியவில்லை, காரணத்தை மட்டும் மாற்றிக்கொண்டது. மைசூரில் செய்த ஜாவாவும் யெஸ்டியும் 1996-ல் தொழிற்சாலையோடு ஓய்ந்தன. ஆர்.எக்ஸ். 100-ம் அதே ஆண்டில் நிறுத்தப்பட்டது. ராஜ்தூத் 350 என்ற பெயரில் 1983 முதல் எஸ்கார்ட்ஸ் செய்த யமஹா வண்டி, பெட்ரோலைக் குடிக்கிறது என்று அந்நாளில் எவரும் சீந்தாமல் சில வருஷங்களிலேயே மறைந்தது. இன்று அதற்காக மாநிலம் விட்டு மாநிலம் அலைகிறார்கள். இனிமேல் செய்யப்படாத ஒன்றைத் தேடுகிறவனுக்கு அருகிலுள்ள ஊர், தூரத்து ஊர் என்ற பேதம் ஏது? சென்னைப் புதுப்பேட்டையில் உதிரி பாகங்களாகப் பிரிந்து கிடப்பதை முழு வண்டியாகக் காண அவன் எத்தனை தூரமும் போவான்.

மகர்பட்டாவின் கதை இங்கேதான் வந்து கலக்கிறது. 1990-கள் வரையில் அது கரும்பும் காய்கறியும் விளைந்த பூமி. நகரம் ஹடப்சரை நோக்கி நீள்வதையும், அயலார் துண்டு துண்டாக நிலத்தை விலைபேசுவதையும் கண்ட மகர் வம்சத்து விவசாயிகள், சதீஷ் மகரின் தலைமையில் ஏறக்குறைய 120 குடும்பங்களாகச் சேர்ந்து, சுமார் 400 ஏக்கர் நிலத்தை ஒரே கம்பெனியாக்கி, அவரவர் நிலத்துக்குத் தக்கபடி பங்கு எடுத்துக்கொண்டு, நகரத்தைத் தாங்களே கட்டத் தீர்மானித்தார்கள். 2000-ல் கட்டட வேலை தொடங்கிற்று. நிலத்தை விற்றுக் காசாக்கிக் கரைத்த கதைகளையே கேட்டுப் பழகிய நமக்கு இது ஆச்சரியமான விஷயம். தனியாக எழுதத் தகுந்தது. நமக்கு இப்போது வேண்டியது, அந்த வயல்களின்மேல் எழுந்த சைபர் சிட்டிக்கு நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வாலிபர்கள் வந்து இறங்கினார்கள் என்பதும், வந்த வேகத்திலேயே பலர் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் கடல் கடந்தும் போய்விடுகிறார்கள் என்பதுமே.

பழைய வண்டிச் சந்தையைத் தழைக்க வைப்பது வருகிறவர்களைவிடப் போகிறவர்கள். விசா வந்துவிட்டவனுக்கு வண்டியின் விலையில் ஆயிரம் இரண்டாயிரம் பெரிதாகத் தோன்றாது. அடுத்த வாரம் விமானம் ஏறவேண்டும். முன்பு சைக்கிள் நகரமென்றும் பின்பு ஸ்கூட்டர் நகரமென்றும் பிரசித்தி பெற்ற புனேயில் வண்டிக்கும் பஞ்சமில்லை, அதைப் பழுது பார்க்கிற கைக்கும் பஞ்சமில்லை. இன்னொரு காரணத்தையும் விஷயம் அறிந்தவர்கள் சொல்வார்கள்: கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 560 மீட்டர் உயரத்தில், கடலை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற ஊரின் வண்டி, சென்னையிலோ தூத்துக்குடியிலோ உப்புக் காற்றில் நின்ற வண்டியைப்போல் சேஸிஸும் சைலன்ஸரும் துருவேறிப் போயிருக்காது. ‘சிங்கிள் ஓனர், ஷெட்டிலேயே நின்ற வண்டி’ என்று தரகன் சொல்வது எல்லா ஊரிலும் ஒன்றுதான். துரு மட்டும் பொய் சொல்வதில்லை.

வாங்கியதை ரயிலில் ஏற்றிவிடலாமே என்றால், ஏற்றலாம். பெட்ரோலை முழுவதும் வடித்து, சாக்கும் அட்டையும் சுற்றித் தைத்து, ஆர்.சி. புத்தகத்தின் நகலைக் கொடுத்துப் பார்சல் கட்டினால் வந்து சேரும். அவசரக்காரர்களும் விவேகிகளும் அப்படியே செய்கிறார்கள். மற்றவர்கள் காத்ரஜ் வழியாகப் புறப்படுகிறார்கள்.

அவர்களுக்கு முன்னோடிகள் அதே புனேயில் இருந்தார்கள். பிம்ப்ரியில் 1966-ல் ஏற்பட்ட டெல்கோ ஆலையிலிருந்தும், அதற்கு முற்பட்ட ஜாம்ஷெட்பூர் ஆலையிலிருந்தும் கூண்டு கட்டாத வெறும் லாரிச் சேஸிஸை, உட்காரப் பலகையும் முகத்தைச் சுற்ற ஒரு துணியுமே துணையாக, வெயிலிலும் மழையிலும் ஓட்டிச் சென்ற கான்வாய் டிரைவர்களைத்தான் சொல்லுகிறேன். நாமக்கல்லிலும் கரூரிலும் பாடி கட்டப்பட்ட எத்தனையோ வண்டிகள் அப்படி எலும்புக்கூடாகத் தக்கணத்தைக் கடந்து வந்தவையே. அவர்களைப்பற்றி ஒரு புத்தகம்கூட என் கண்ணில் படவில்லை என்பது என் குறை.

காத்ரஜ் தாண்டிக் கம்பட்கி கணவாயில் ஏறும்போது முதல் பரீட்சை. ஹடப்சர்ச் சந்தில் இரண்டு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தபோது வழுக்காத கிளச் இங்கே வழுக்கும். சாதாராவும் கராடும் கடந்து கோலாப்பூர் வருவதற்குள், குளிர்ந்திருந்தபோது புகைக்காத எஞ்சின் சூடேறிய பின் நீலப் புகை கக்கினால், பிஸ்டன் ரிங் தேய்ந்த சேதி வெளிப்பட்டுவிடும். டூ ஸ்ட்ரோக் வண்டியானால் ஆயில் குறைந்த இடத்தில் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொண்டு பின்சக்கரம் அப்படியே நின்றுபோகும் அபாயமும் உண்டு. கை எப்போதும் கிளச்சின்மேல் இருக்கவேண்டும் என்று அனுபவசாலிகள் எச்சரிப்பது அதனால்தான். பிளக், கிளச் கேபிள், செயின் லிங்க், ட்யூப் ஆகிய நான்கும் பையில் இல்லாமல் புறப்படுகிறவன் சூரன் அல்லன். பெல்காம், ஹூப்ளி, தாவணகெரே, சித்ரதுர்கா, தும்கூர் என்று நீளும் இந்தச் சாலை, 1999-ல் அடிக்கல் நாட்டப்பட்ட தங்க நாற்கரத் திட்டத்தில் அகலமாவதற்கு முன், லாரிகளுக்கு வழிவிட்டு மண்ணில் இறங்கி ஏறுகிற சாலையாகவே இருந்தது. இன்று பெங்களூர் வரையிலான சுமார் 840 கிலோமீட்டரை நிதானமாக ஓட்டினால் இரண்டு பகலில் கடக்கலாம். ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம் வழியாக மதுரைக்கு மூன்றாம் நாள். அதற்குள் எந்தச் சத்தம் வண்டியின் சுபாவம், எந்தச் சத்தம் நோய் என்பது ஓட்டியவனுக்கு விளங்கியிருக்கும். கார்புரேட்டரைத் திறந்து காட்டிய எந்த மெக்கானிக்கும் இவ்வளவு சொல்லியிருக்க முடியாது.

வண்டி மூன்று நாளில் வந்துவிட, அதன் காகிதம் பின்தங்கிவிடுகிறது. ஓட்டி வந்த மாட்டுக்கு உடம்பிலுள்ள சுழியே சாசனம். மோட்டாருக்கோ 1914, 1939, 1988 என்று மூன்று சட்டங்கள் அடுத்தடுத்து வந்து பத்திரம் வகுத்தன. இப்போதுள்ள சட்டப்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி மற்றொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்தால் புது எண் வாங்கியாகவேண்டும். அதற்குச் சங்கம் பாலத்தருகிலுள்ள புனே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 28-ஆம் நமூனாவில் ஆட்சேபணையில்லாச் சான்று கேட்கவேண்டும். பெயர் மாற்ற 29, 30 நமூனாக்கள். கடன் பாக்கி இருந்த வண்டியானால் 35. விற்றவர் இதற்குள் வெளிநாடு போயிருப்பார். அவர் கையெழுத்தை வெற்று நமூனாக்களில் முன்கூட்டியே வாங்கி வைத்தவன் பிழைத்தான். அடிக்கடி மாற்றலாகும் உத்தியோகஸ்தர்களை உத்தேசித்து 2021-ல் பி.ஹெச். வரிசை எண்கள் வந்தன, பழைய ஆர்.எக்ஸ். 100-ஐத் தேடிப் பிடித்தவனின் அலைச்சலை அவை குறைத்ததாகத் தெரியவில்லை.

கடைசியில் ஒரு நாள் மதுரை ஆர்.டி.ஓ. மைதானத்தில் வண்டி நிற்கிறது. ஆயுள் வரி கட்டியாயிற்று. ஆய்வாளர் ஹேண்டிலை ஒரு பக்கம் ஒடிக்கச் சொல்கிறார். கழுத்துப் பக்கத்துக் கிரீஸைத் துணியால் துடைத்து, அங்கே வெட்டியிருக்கிற சேஸிஸ் எண்ணின்மேல் மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்க்கிறார். ஜேஜுரியில் கழுதையின் உதட்டை விலக்கிப் பார்க்கிறவனும் இப்படித்தான் தலையைச் சாய்த்துக் கண்ணை இடுக்கிக்கொள்வான். ஆகுர்டியிலோ திருவொற்றியூரிலோ என்றோ அடித்த எண், ஒவ்வோர் எழுத்தாகக் காகிதத்தில் எழுந்து வருகிறது. வண்டியின் முகப்பில் இன்னும் எம்.ஹெச். 12 தான்.